முதல் 96 மணி நேரம்

1994 நவம்பரில் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 பேரை வைத்து நடத்தப்பட்ட இந்த ஆய்வை '4எஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அத்தனை பேருக்கும் ஏற்கனவே மாரடைப்போ இதயம் சார்ந்த நெஞ்சுவலியோ வந்திருந்தது. கொலஸ்ட்ராலும் கூடுதல். பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாடின், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. ஐந்தாண்டுகளுக்கு மேல் போன பிறகு கணக்கெடுத்தார்கள். போலி மாத்திரைக் குழுவில் 256 பேர் இறந்திருந்தார்கள். மருந்துக் குழுவில் 182 பேர். கொலஸ்ட்ராலைக் குறைத்தால் நிஜமாகவே ஆயுள் கூடுமா என்று பல பத்தாண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்த சண்டை, இதயநோய் வந்தவர்களைப் பொறுத்தவரை, அன்றோடு ஏறக்குறைய முடிந்தது.

எந்த மருந்து ஆய்விலும் யாரைச் சேர்ப்பது என்று ஒரு பட்டியல் இருக்கும். யாரைச் சேர்க்கக் கூடாது என்று இன்னொரு பட்டியலும் இருக்கும். பெரும்பாலும் இந்த இரண்டாவது பட்டியலை யாரும் படிக்க மாட்டார்கள். 4எஸ் ஆய்வின் விலக்கப்பட்டோர் பட்டியலில் இப்படி ஒரு வரி: கடந்த ஆறு மாதங்களுக்குள் மாரடைப்பு வந்தவர்கள் வேண்டாம். பின்னால் 1996இல் வந்த 'கேர்' ஆய்விலும் 1998இல் வந்த 'லிப்பிட்' ஆய்விலும் அந்த இடைவெளி குறைந்தபட்சம் மூன்று மாதம்.

மாரடைப்பு வந்து பிழைத்த ஒருவருக்கு எது ஆபத்தான காலம்? முதல் சில நாட்கள், முதல் சில வாரங்கள். மறுபடியும் மாரடைப்பு வருவதும் உயிர் போவதும் அந்தக் காலத்தில்தான் அதிகம். ஆக, ஸ்டாடின் உயிரைக் காக்கிறது என்று நிரூபித்த ஆய்வுகள் எல்லாமே, உயிர் போகும் வாய்ப்பு அதிகமுள்ள காலத்தைத் தாண்டி வந்துவிட்டவர்களைத்தான் ஆராய்ந்தன. கரை ஏறியவனுக்குத்தான் கயிறு. நடுத்தண்ணியில் இருப்பவனுக்கு?

அந்தக் கயிறு ஆஸ்பத்திரிக் கட்டில்வரை வந்து சேர்ந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

பூஞ்சையும் கோழியும்

கதை தொடங்குவது ஜப்பானில். அகிரா எண்டோ 1933இல் வட ஜப்பானின் அகிதா பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே காளான்கள், பூஞ்சைகள் மேல் ஒரு கிறுக்கு. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங்தான் ஆதர்சம். 1957இல் டோக்கியோவில் சான்க்யோ என்ற மருந்து நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அறுபதுகளின் நடுவில் ஆராய்ச்சிக்காக நியூயார்க் போனபோது, மாரடைப்பு வந்த முதியவர்களை ஆம்புலன்ஸ்கள் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தார். அமெரிக்காவில் இதயநோய் எவ்வளவு பெரிய பிரச்சினை என்பது அங்கேதான் அவருக்கு உறைத்தது.

திரும்பி வந்ததும் அவர் போட்ட கணக்கு எளிமையானது. நம் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே தயாரிப்பது. அந்தத் தயாரிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் நொதி ஒன்று உண்டு. சில நுண்ணுயிரிகளும் உயிர் வாழ இதே வழியில் உண்டாகும் பொருட்களை நம்பித்தான் இருக்கின்றன. அப்படியானால் அவற்றோடு போட்டி போடும் ஏதோ ஒரு பூஞ்சை, எதிரியை ஒழிக்க இந்த நொதியை முடக்கும் ஒரு விஷத்தை வைத்திருக்க வேண்டும். 1971இல் தேட ஆரம்பித்தார். இரண்டு வருடம், ஏறத்தாழ 6,000 நுண்ணுயிரிகள். கடைசியில் கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியிலிருந்து எடுத்த நீலப்பச்சைப் பூஞ்சையில் கிடைத்தது. காம்பாக்டின். உலகின் முதல் ஸ்டாடின்.

எலிக்குக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் குறையவில்லை. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. அதே நிறுவனத்தில் கோழிகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சக ஊழியரிடம் எண்டோ பேசிப் பார்த்தார். முட்டையிடும் கோழிக்குக் கொலஸ்ட்ரால் தயாரிப்பு அதிகம் என்பதால் அதில் விளைவு தெரியலாம் என்பது யோசனை. தெரிந்தது. சில வாரங்களில் கோழிகளின் கொலஸ்ட்ரால் பாதிக்குப் பாதி வரை இறங்கியது.

1978இல் ஒசாகாவில் மருத்துவர் அகிரா யமமோட்டோ, பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருக்கும் நோய் கொண்ட 18 வயதுப் பெண்ணுக்கு காம்பாக்டினைக் கொடுத்தார். தசைகள் பலவீனமாயின. அளவைக் குறைத்துத் தொடர்ந்தார். ஸ்டாடினின் பலன், தசையில் வரும் பக்கவிளைவு, அளவைக் கூட்டலாமா குறைக்கலாமா என்ற கேள்வி, இந்த மூன்றுமே முதல் நோயாளியிடமே வந்துவிட்டன. பிறகு வந்த நாற்பது ஆண்டுக் கதையின் முன்னோட்டம் மாதிரி.

1980இல், நாய்களுக்கு மிக அதிக அளவில் கொடுத்த பரிசோதனையில் புற்றுநோய் போல ஏதோ தெரிகிறது என்ற சந்தேகத்தில் சான்க்யோ காம்பாக்டினைக் கைவிட்டது. அதற்குள் அமெரிக்காவின் மெர்க் நிறுவனம் வேறொரு பூஞ்சையிலிருந்து லோவாஸ்டாடினைப் பிரித்தெடுத்திருந்தது. அவர்களும் பயந்து கொஞ்ச காலம் நிறுத்திவைத்து, பிறகு மறுபடி தொடங்கி, 1987இல் அமெரிக்க அரசின் அனுமதி வாங்கினார்கள். கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிப்பு குறைந்தால், தன் பற்றாக்குறையை ஈடுகட்ட அது இரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை, அதாவது 'கெட்ட கொலஸ்ட்ராலை', கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. இந்த வழிமுறையைத் திறந்து காட்டிய மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசஃப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. எண்டோவுக்கு நோபல் கிடைக்கவில்லை. 2008இல் லாஸ்கர் விருது கிடைத்தது. 2024இல், 90 வயதில் காலமானார்.

"இப்ப என்ன அவசரம்?"

மருந்து வந்துவிட்டது, 1994இல் உயிரையும் காக்கிறது என்று தெரிந்துவிட்டது. அப்புறமும் ஏன் மாரடைப்பு வந்த அன்றே கொடுக்கவில்லை?

காரணங்கள் இருந்தன. எல்லாமே அறிவுக்குப் பொருந்துவதாகத்தான் இருந்தன. முதலாவது, மாரடைப்பு வந்த ஓரிரு நாட்களில் இரத்தக் கொலஸ்ட்ரால் அளவு தானாகவே இறங்கும். உடம்பு அதிர்ச்சியில் இருக்கும்போது எடுக்கும் அளவை நம்ப முடியாது, ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம் என்பார்கள். இரண்டாவது, முதலில் உணவுக் கட்டுப்பாடு, அது பலிக்கவில்லை என்றால்தான் மாத்திரை என்பது அன்றைய வழக்கம். மூன்றாவதுதான் முக்கியம். கொலஸ்ட்ரால் பல வருடம் படிந்து படிந்து குழாயை அடைக்கும் சமாச்சாரம், அதைக் குறைப்பதன் பலனும் வருடக் கணக்கில்தான் தெரியும் என்ற நம்பிக்கை. 4எஸ் ஆய்வின் வரைபடத்திலேயே இரண்டு குழுக்களின் கோடுகளும் முதல் ஒரு வருடம் கிட்டத்தட்ட ஒட்டித்தான் போயின. அவசர சிகிச்சைப் பிரிவில் ஆயிரம் வேலை இருக்கும்போது, ஒரு வருடம் கழித்துப் பலன் தரும் மாத்திரைக்கு என்ன அவசரம்?

இந்த மூன்றாவது நம்பிக்கையின் அடியில் ஒரு படிமம் இருந்தது: சாக்கடைக் குழாய். கசடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஒருநாள் முழுசாக அடைத்துக்கொள்ளும் என்ற படிமம். எண்பதுகளில் இறந்தவர்களின் இதயத்தை அறுத்துப் பார்த்த நோயியல் அறிஞர்கள் (லண்டனில் மைக்கேல் டேவிஸ், டென்மார்க்கில் எர்லிங் ஃபால்க் போன்றவர்கள்) வேறொன்றைக் கண்டார்கள். கொழுப்புப் படிவு என்பது குழாய்ச் சுவருக்குள்ளே இருக்கும் ஒரு கொப்புளம் மாதிரி. மேலே மெல்லிய தோல், உள்ளே கொழுப்பும் அழற்சி அணுக்களும். தோல் கிழிந்தால் உள்ளே இருப்பது இரத்தத்தைத் தொடுகிறது, உடனே இரத்தம் உறைகிறது, சில நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. மாரடைப்புக்கு முன்பே எடுத்திருந்த ஆஞ்சியோ படங்களோடு ஒப்பிட்டவர்களும் ஆச்சரியப்பட்டார்கள். பல பேருக்கு மாரடைப்பு வந்த இடத்தில் முன்பு பெரிய அடைப்பே இருந்திருக்கவில்லை.

படிமம் மாறினால் கேள்வியும் மாறுகிறது. சாக்கடை என்றால் மெதுவாகச் சுத்தம் செய்யலாம். புண் என்றால் இன்றைக்கே மருந்து போட வேண்டும். மாரடைப்பு வந்தவரின் உடம்பில் ஒரு கொப்புளம் உடைந்திருக்கிறது, இன்னும் சில உடையக் காத்திருக்கலாம். ஸ்டாடின் எல்டிஎல்லைக் குறைப்பதோடு அழற்சியையும் தணிக்கிறது என்றால்?

கட்டிலுக்கு வந்த மாத்திரை

'மிராக்கிள்' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் அற்புதம் என்ற சொல்லைப் போல ஒலிக்கும் சுருக்கப்பெயர். கிரெகரி ஷ்வார்ட்ஸ் தலைமையில் நடந்த இந்த ஆய்வு 2001 ஏப்ரலில் வெளியானது. 3,086 நோயாளிகள். எல்லோரும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து 24 முதல் 96 மணி நேரத்துக்குள் இருப்பவர்கள். பாதிப் பேருக்கு தினமும் 80 மில்லிகிராம் அடோர்வாஸ்டாடின், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. ஐந்து வருடமெல்லாம் இல்லை, வெறும் 16 வாரம். இன்னொரு புதுமையும் இருந்தது. கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தால்தான் சேர்ப்போம் என்ற நிபந்தனை கிடையாது.

முடிவு: போலி மாத்திரைக் குழுவில் 100க்கு 17.4 பேருக்கு மரணம், மறு மாரடைப்பு போன்ற ஆபத்துகளில் ஏதோ ஒன்று நேர்ந்தது. மருந்துக் குழுவில் 14.8. அதாவது சுமார் 38 பேருக்கு நான்கு மாதம் கொடுத்தால் ஒருவர் தப்பிக்கிறார்.

இந்த எண்களைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அற்புதம் அடக்கமாகத் தெரியும். மரணத்தில் வேறுபாடு இல்லை. மறு மாரடைப்பிலும் உறுதியான வேறுபாடு இல்லை. குறைந்தது முக்கியமாக, நெஞ்சுவலி திரும்பி மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதுதான். தற்செயல் மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு வேறுபாடு வருவதற்கான வாய்ப்பு 4.8 சதவீதம் என்ற கணக்கு, 5 என்ற வழக்கமான எல்லைக்கோட்டை மயிரிழையில் தாண்டியது. ஸ்டென்ட் வைக்கத் திட்டமிட்டிருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. பணம் போட்டது அடோர்வாஸ்டாடினை விற்கும் ஃபைசர். கல்லீரல் நொதி ஏறுவது மருந்துக் குழுவில் 2.5 சதவீதம், மறுபக்கம் 0.6.

இருந்தாலும் ஒரு கதவு திறந்தது. கட்டிலில் படுத்திருப்பவருக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கலாம், பெரும்பாலும் தாங்குகிறார்கள், மாதக் கணக்கிலேயே ஏதோ பலன் தெரிகிறது.

அதே 2001இல் இன்னொரு ஆய்வும் வந்தது. எனக்கு மிராக்கிளைவிட இதுதான் சுவாரசியமாகப் படுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் கிரெக் ஃபொனரோவும் சகாக்களும் 1994இலேயே ஒரு எளிய காரியம் செய்திருந்தார்கள். மாரடைப்பு நோயாளி வீட்டுக்குப் போகும் முன்பே ஆஸ்பிரின், ஸ்டாடின் உள்ளிட்ட மருந்துகளைத் தொடங்கிவிட வேண்டும் என்று ஒரு நடைமுறை. புது மருந்து எதுவும் இல்லை, வழக்கம் மட்டும்தான் புதிது. அதற்கு முன் வீட்டுக்குப் போகும்போது ஸ்டாடின் எழுதித் தரப்பட்டவர்கள் 6 சதவீதம். நடைமுறை வந்த பிறகு 86. ஒரு வருடத்துக்குள் மரணமோ மறு மாரடைப்போ நேர்ந்தவர்கள் 14.8 சதவீதத்திலிருந்து 6.4ஆக இறங்கினார்கள். முன்பு, பின்பு என்று ஒப்பிடும் ஆய்வு இது. மற்ற மருந்துகளும் கூடவே கூடியதால் முழுப் புகழையும் ஸ்டாடினுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்த 6 என்ற எண்ணைப் பாருங்கள். 'ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம்' என்ற வாக்கியத்தின் நடைமுறைப் பொருள் அதுதான். கழித்துப் பார்ப்பவர் யாரும் இல்லை. நோயாளி வேறு டாக்டரிடம் போவார், அவர் முந்தையவர் பார்த்திருப்பார் என்று நினைப்பார், நோயாளிக்கோ வலி போய்விட்டது. தள்ளிப்போட்டது தொலைந்தே போகிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில் பேயர் நிறுவனம் தன் செரிவாஸ்டாடினை விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றது. தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்து, உலகம் முழுக்க 52 மரணங்கள் அதோடு தொடர்புபடுத்தப்பட்டிருந்தன. ஒசாகாவின் 18 வயதுப் பெண்ணுக்கு வந்த தசைப் பலவீனத்தின் கொடிய வடிவம். ஒரே ஆண்டில் ஸ்டாடின் அவசர மருந்தாகவும் ஆனது, கொல்லும் மருந்து என்ற பெயரும் வாங்கியது.

சொந்தச் செலவில் சூனியம்

ஆரம்பிக்கலாம், சரி. எவ்வளவு? இந்தக் கேள்விக்கு விடை வந்த விதம் ஒரு சின்ன அவல நகைச்சுவை.

காம்பாக்டினைக் கைவிட்ட சான்க்யோ, அதிலிருந்தே உருவான பிராவாஸ்டாடினை 1989இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரிசிப் பூஞ்சையின் நேரடி வாரிசு. அமெரிக்காவில் விற்றது பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப். தொண்ணூறுகளின் இறுதியில் அடோர்வாஸ்டாடின் சந்தையைப் பிடித்துவிட்டது. அது கொலஸ்ட்ராலை அதிகம் குறைக்கலாம், ஆனால் நோயாளிக்குக் கிடைக்கும் பலன் எங்கள் மருந்திலும் அதேதான் என்று காட்ட அந்த நிறுவனங்கள் முடிவு செய்தன. 4,162 பேர், எல்லோரும் மாரடைப்போ அதற்கு நிகரான நெருக்கடியோ வந்து 10 நாட்களுக்குள் இருப்பவர்கள். ஒரு பக்கம் பிராவாஸ்டாடின் 40 மில்லிகிராம், மறுபக்கம் போட்டி நிறுவனத்தின் அடோர்வாஸ்டாடின் 80. கிறிஸ்டோபர் கேனன் தலைமையில் நடந்த 'ப்ரூவ்-இட்' ஆய்வு 2004இல் வெளியானது.

தோற்றது பணம் போட்டவர்களின் மருந்து. இரண்டு ஆண்டுகளில் பிராவாஸ்டாடின் பக்கம் 26.3 சதவீதம் பேருக்கு மரணம் உள்ளிட்ட பெரிய ஆபத்துகளில் ஏதோ ஒன்று நேர்ந்தது. அடோர்வாஸ்டாடின் பக்கம் 22.4. எல்டிஎல் அங்கே 95, இங்கே 62. வேறுபாடு முதல் 30 நாட்களிலேயே தலைகாட்டியது. நம்மூரில் இதற்குப் பெயர் சொந்தச் செலவில் சூனியம். ஆனால் அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்தவருக்கு உடனடியாக, உயர்ந்த அளவில் என்ற இன்றைய வழக்கத்துக்கு இந்தத் தோல்விதான் பெரிய தூண்.

அதே ஆண்டு வந்த 'ஏ டு இசட்' ஆய்வு அந்தத் தூணில் ஒரு கீறலும் போட்டது. 4,497 பேர். சிம்வாஸ்டாடினை உடனே தொடங்கி 80 மில்லிகிராமுக்கு உயர்த்தியவர்களில் ஆபத்துகள் 14.4 சதவீதம், தாமதமாகக் குறைந்த அளவில் தொடங்கியவர்களில் 16.7. தற்செயல் அல்ல என்று சொல்லப் போதாத வேறுபாடு. 80 மில்லிகிராம் எடுத்தவர்களில் 9 பேருக்குத் தசை பாதிப்பு. 2011இல் அமெரிக்காவில் சிம்வாஸ்டாடின் 80ஐப் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாம் என்றார்கள். ஸ்டாடின் என்ற பெயர் ஒன்றுதான், எல்லா ஸ்டாடினும் ஒன்றல்ல.

எட்டு மாத்திரை

2023 ஜூனில் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் 14 மாத்திரைகள். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் வீதம் 8. எட்டுப் பத்து எண்பது. மிராக்கிளிலும் ப்ரூவ்-இட்டிலும் கொடுத்த அதே 80, கிராமத்துத் துணை நிலையத்தில் சின்னச் சின்ன மாத்திரைகளாக.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் இரத்த உறைவைத் தடுப்பவை, முதல் மணி நேரத்தில் அவற்றின் வேலை தெளிவு. எட்டு கொழுப்பு மாத்திரைக்கு முதல் மணி நேரத்தில் என்ன வேலை? பிரேசிலில் 4,191 பேரை வைத்து நடந்து 2018இல் வெளியான 'செக்யூர்' ஆய்வு கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டது. ஆஞ்சியோவுக்கு முன் 80, 24 மணி நேரம் கழித்து இன்னொரு 80. முப்பது நாளில் ஆபத்துகள் 6.2 சதவீதம், போலி மாத்திரையில் 7.1. உறுதியான பலன் இல்லை. நிஜமாகவே ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 6.0, 8.2 என்று பலன் தெரிந்தது. அவர்கள் அந்த ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

இதை வைத்து எட்டு மாத்திரை வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரு வேளை 80 மில்லிகிராம் செய்யும் கெடுதல் மிகக் குறைவு, செலவும் குறைவு. என்னைப் பொறுத்தவரை அந்த எட்டு மாத்திரைகளின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஆஸ்பத்திரி கண்டுகொண்டதும் அதுதான். முதல் நாளில் தொடங்கியது நோயாளியின் மருந்துச் சீட்டில் ஏறிவிடுகிறது. ஆனால் ஏறினால் போதாது, நிலைக்க வேண்டும்.

அங்கேதான் நாம் சறுக்குகிறோம். கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் நடந்த 'ப்யூர்' ஆய்வு 2011இல் ஒரு கணக்கு சொன்னது. ஏற்கனவே இதயநோயோ பக்கவாதமோ வந்தவர்களில் ஸ்டாடின் எடுப்பவர்கள் பணக்கார நாடுகளில் 66.5 சதவீதம். இந்தியாவும் அடங்கிய ஏழை நாடுகளின் குழுவில் 3.3. நூறு பேரில் மூன்று பேர். அந்தக் கணக்குக்குப் பிறகு நிலைமை நகர்ந்திருக்கும், மாத்திரை மலிவாகியிருக்கிறது, வீடு தேடியும் மருந்து வருகிறது. ஆனால் நிறுத்துவதற்கான வாசகங்கள் அப்படியேதான் இருக்கின்றன. "டெஸ்ட்ல கொலஸ்ட்ரால் நார்மல்னு வந்துடுச்சு, இன்னும் எதுக்கு?" "உடம்பெல்லாம் வலிக்குது, அந்தக் கொழுப்பு மாத்திரையாலதான்."

முதல் வாசகத்துக்குப் பதில் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. மிராக்கிள் ஆய்வு கொலஸ்ட்ரால் கூடுதலா என்று கேட்டுக் கொடுக்கவில்லை. மாரடைப்பு வந்தவருக்கு மாத்திரை கொடுப்பது எண்ணைச் சரி செய்ய அல்ல, அடுத்த கொப்புளம் உடையாமல் இருக்க. எண் நார்மலாக இருப்பதே மாத்திரை வேலை செய்வதால்தான். இரண்டாவது வாசகத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. தசை பாதிப்பு உண்மை, சிலருக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறுவதும் உண்மை. ஆனால் 2020இல் பிரிட்டனில் வெளியான 'சாம்சன்' ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்திய 60 பேர். அவர்களுக்கே சில மாதம் மருந்து, சில மாதம் போலி மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை. ஸ்டாடினில் வந்த தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. வலி பொய்யில்லை, அதன் காரணம்தான் பெரும்பாலும் வேறு. அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடினுக்கு மாறலாம். யமமோட்டோ 1978இல் செய்ததும் அதுதான். அவர் அந்தப் பெண்ணைக் கைவிடவில்லை, மாத்திரையையும் கைவிடவில்லை.

யாரிடமும் சொல்லாமல் தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. 2002இல் ஜெர்மானிய மருத்துவர் கிறிஸ்டஃபர் ஹீஷனும் சகாக்களும் காட்டினார்கள்: நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில், அதுவரை எடுத்துவந்த ஸ்டாடின் அங்கே நிறுத்தப்பட்டவர்களுக்கு, தொடர்ந்தவர்களைவிட ஆபத்து அதிகமாக இருந்தது.

முதல் 96 மணி நேரத்துக்குள் இந்த மாத்திரை நோயாளியின் கைக்கு வர, எண்டோ தேட ஆரம்பித்ததிலிருந்து சரியாக 30 வருடம் ஆனது. தொண்ணூறாவது நாளும் அது அதே கையில் இருக்கிறதா என்பதற்குப் பெரிய ஆய்வு எதுவும் தேவையில்லை. வீட்டில் யாராவது மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தால் போதும்.